துவர்த்தை எங்கே கட்டுவது?

ஜெனி, ஜோயல்,

நீங்கள் சின்னதில் பள்ளிக்கூடத்தில் யாராவது அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் 'பாட்டில் கம்பெனி' என்று சொல்வீர்கள். அம்மா சொல்லிக்கொடுத்தது. பாட்டில் அங்கே நிறைய உண்டு, அதனால் பொய் என்று சொல்ல முடியாது. பாட்டிலுக்குள் இருப்பது என்ன என்று பூசைக்கு வருகிறவர்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஜெனி மட்டும் ஒருநாள், "அப்பா, பாட்டில் கம்பெனின்னா ஒங்க சட்டையில ஏன் மாவு வறுத்த மணம் வருது?" என்று கேட்டாய். அது மால்ட்டின் மணம் மகளே. பார்லியை முளைக்க வைத்து வறுத்தது. நான் பீர் காய்ச்சும் ஆலையில் வேலை பார்த்தேன். நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள், நானும் ஓய்வு பெற்றாயிற்று, இனி மறைக்க ஒன்றுமில்லை.

போன வாரம் ஆலையிலிருந்து ஓர் இன்ஜினியர் பெண் போன் செய்தாள். நான் வெளியே வந்த பிறகு வேலையில் சேர்ந்தவள்.

"சார், கன்ட்ரோல் சிஸ்டத்த முழுசா மாத்தப் போறோம். ஒவ்வொரு டாங்கி முன்னாலயும் ஒரு சாவிப் பெட்டி இருக்கே, அது எதுக்கு சார்? புதுசுல எல்லாத்தையும் ஸ்க்ரீன்லயே பூட்டிடலாம்."

"அத எடுத்திராதிய பிள்ளே," என்றேன்.

"காரணம் சொன்னீங்கன்னா நான் மேலே பேசுறேன் சார்."

சொன்னேன். நான் போனில் பேசினால் ஊருக்கே கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா பாதியைக் கேட்டுவிட்டாள். போனை வைத்ததும் ஈரக் கையோடு வந்து நின்றாள். "எனக்க தம்பி அந்தோணிக்கு என்ன நடந்துச்சு? எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"ஒண்ணும் நடக்கல்ல," என்றேன்.

அது உண்மைதான். ஒன்றும் நடக்காமல் போன அந்தக் காரியத்தைத்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் முதலில் அம்மா வாசிப்பாள். பிறகு உங்களுக்கு வரும்.

நான் இராஜாக்கமங்கலத்தில் பிறந்தவன். ஐ.டி.ஐ. படித்து, கொஞ்ச நாள் ஐஸ் கம்பெனி ஒன்றில் கைவேலை பழகி, பிறகு ஆரல்வாய்மொழிப் பக்கத்து இந்த ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். அழுத்தம் காட்டும் மீட்டர், சூடு காட்டும் மீட்டர், இவற்றைப் பழுது பார்ப்பது என் வேலை. படிப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அங்கே நின்று கற்றுக்கொண்டது.

பீர் எப்படி வருகிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். மால்ட்டை அரைத்து வெந்நீரில் ஊறவைத்து, வடித்துக் காய்ச்சி, குளிரவைத்து, ஈஸ்ட் சேர்த்து டாங்கியில் விட வேண்டும். எங்கள் டாங்கிகள் நிற்பவை அல்ல, யானை படுத்த மாதிரி எஃகில் வரிசையாகப் படுத்திருக்கும். அந்தக் கூடம் எப்போதும் சில்லென்று இருக்கும். டாங்கிக்குள் நுரைத்துப் பொங்கும்போது கரியமில வாயு வரும். அது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கிவிடும். அதற்கு மணமும் இல்லை. தெரியாமல் உள்ளே இறங்கினவன் இரண்டு மூச்சில் சாய்ந்துவிடுவான். காலியான டாங்கியைக் கொதிக்கிற காரத் தண்ணீர் விட்டுக் கழுவுவோம், காஸ்டிக் என்பார்கள். மேலே இருக்கும் ஓர் உருண்டையின் துவாரங்கள் வழியாக அது நாலுபுறமும் பீச்சியடிக்கும். அந்த உருண்டை அடைத்துக்கொண்டால் ஓர் ஆள் டாங்கியின் முகத்தில் உள்ள மேன்ஹோல் வழியாக நுழைந்துதான் கழற்ற வேண்டும்.

அந்த ஆள் உங்கள் அந்தோணி மாமா.

மாமாவை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். கல்யாணம் முடிந்து முட்டத்துக்கு மறுவீடு போயிருந்தபோது பாட்டி என் இலையில் இன்னொரு துண்டு நெய்மீன் வைத்துக்கொண்டே சொன்னாள்: "கடலுக்கு மூத்தவன் போதும் மருமவனே. எளையவன நீரு கூட்டிட்டுப் போவும். கரையில நிக்குத சோலி எதாவது பாத்துக் குடும்." நானும் கரையில் நிற்கிற வேலைதான் என்று நினைத்துக் கூட்டிப் போனேன். ஒல்லியான உடம்பு, வழுக்கும் இடத்தில் நிற்கத் தெரிந்த கால். ஒரு மாதத்துக்குள் டாங்கிக்குள் இறங்க அவனைவிட்டால் ஆளில்லை என்றாகிவிட்டது. அதற்கப்புறம் முட்டத்துக்குப் போகும்போதெல்லாம் பாட்டி கேட்பாள், "எனக்க பிள்ள நல்லா இருக்கானா?" நல்லா இருக்கான் என்பேன். அவள் இரண்டாம் தடவை மீன் வைக்க வந்தால் இலைமேல் கையை விரித்து வேண்டாம் என்பேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் தொடங்கியது என்று தெரியாது. டாங்கிக்குள் இறங்குகிறவன் முதலில் காஸ்டிக் வரும் வால்வின் கைச்சக்கரத்தைத் திருகி மூடுவான். பிறகு தோளில் கிடக்கும் துவர்த்தை எடுத்து அந்தச் சக்கரத்தில் கட்டுவான். நீங்கள் பெங்களூரில் டவல் என்கிறீர்களே, அந்தத் துவர்த்துதான், கொஞ்சம் மெல்லிசு. சக்கரத்தில் துவர்த்து கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. அந்த வால்வை யாரும் தொடமாட்டார்கள், மேனேஜர் வந்து சொன்னாலும் தொடமாட்டார்கள். கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும். ஒருமுறை மாமா துவர்த்தை மறந்து வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த ஷிப்டு ஆட்கள் டாங்கிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், யாருமில்லை. ஆனாலும் அவிழ்க்கவில்லை. பஸ் பிடித்து மாமா திரும்பி வந்து அவிழ்த்த பிறகுதான் கழுவினார்கள்.

"ஏலே, நீயே அவுத்துட்டுக் கழுவப்பிடாதா?" என்று அந்த ஷிப்டில் ஒருவனிடம் மாமா கேட்டான்.

"ஒனக்க துவர்த்த நான் அவுத்தா, நாளைக்கு எனக்க துவர்த்த எவனாவது அவுப்பான்லே," என்றான் அவன்.

இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. சட்டப்படி இருந்த பெர்மிட்டு, வாயு மீட்டர், காற்று ஊதும் புளோயர் எல்லாம் ஒருபுறம் ஒழுங்காக நடக்கும். துவர்த்து தன்பாட்டில் நடக்கும்.

இனி சிவதாணு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் இன்ஜினியரிங் மேனேஜர், பூதப்பாண்டிக்காரர். நெற்றியில் திருநீறு, பையில் தயிர்ச்சாதம். வாழ்க்கையில் ஒரு சொட்டு பீர் குடித்ததில்லை. மாமா ஒருநாள் துணிந்து கேட்டான். "சார் குடிக்கமாட்டீங்க, பொறவு நல்ல பீரு எதுன்னு எப்பிடி தெரியும்?"

"ஆஸ்பத்திரி நடத்துகவன் எல்லாம் சீக்காளியா வே?" என்றார். அதற்கப்புறம் மாமாவுக்கு அவரிடம் ரொம்ப மரியாதை.

சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எந்தக் கூட்டத்திலும் உட்கார மாட்டார், சுவரோரம் கைகட்டி நிற்பார். யார் என்ன சொன்னாலும் "செரி, பொறவு?" என்பார். சொல்கிறவனுக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லாமல் ஆகும்வரை அந்தப் 'பொறவு' நிற்காது. ஒரு காரியம் மனசுக்குப் பிடித்துவிட்டால் கண்ணாடியைக் கழற்றி மடக்கிப் பையில் வைப்பார். அவ்வளவுதான் அவர் தலையசைப்பு. எனக்கு மேலே இரண்டு படி இருந்தாலும் "நீரு என்னவே சொல்லுதேரு, சேவியரே?" என்று என்னிடமும் கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்.

அந்த வருஷங்களில் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஜோயல், நீ பத்தாம் வகுப்புக்கு விசிறியும் கையுமாகப் படித்தாய். ஆலையைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டியவரை காற்றாலைகள். ஆடிக் காற்றில் ஓங்காரமாகச் சுற்றும். அவற்றின் நிழல் எங்கள் கூரையில் விழும். கரண்ட் மட்டும் எங்களுக்கு வராது. "வெளஞ்ச வயலுக்கு நடுவுல உக்காந்து பட்டினி கெடக்கோம்" என்று கான்டீன்காரர் சொல்வார். கரண்ட் போனதும் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை ஆட்கள் ஓடி ஓடிக் குளிர் நீர் வால்வுகளைக் கையால் சரிபார்ப்பார்கள். ஒரு டாங்கியில் கொஞ்சம் அசந்தால் உள்ளே சூடு ஏறி, அந்தச் சரக்கு முழுவதும் சாக்கடைக்குத்தான் போகும். அப்படி இரண்டு தடவை போன பிறகு சென்னை ஆபீஸ் முடிவு செய்தது: கையால் திருகுவது போதும், எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்க்கட்டும். எந்த கம்ப்யூட்டர், யாருடைய சிஸ்டம் என்று தேர்ந்தெடுத்துச் சொல்லும் பொறுப்பு சிவதாணு சாருக்கு. அவர் என்னையும் கூடச் சேர்த்துக்கொண்டார்.

ஆட்களுக்கு வேறு பயம். "நமக்க சோலி போச்சு" என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் உள்ளூர அது இருந்தது. ஆனால் மாமாவை நினைத்தால் வேறு மாதிரியும் தோன்றும். மெஷின் வந்து டாங்கிக்குள் ஆள் இறங்காமலே கழுவ முடிந்தால் பாட்டியிடம் நிமிர்ந்து பதில் சொல்லலாமே என்று.

பல பேர் வந்தார்கள், கடைசியில் இரண்டு நின்றது. ஒன்று பெரிய வெளிநாட்டு கம்பெனியின் சிஸ்டம். ஸ்க்ரீனில் டாங்கி டாங்கியாகக் கலர் கலராகத் தெரியும், வால்வு திறந்தால் பச்சை, மூடினால் சிவப்பு. சென்னை டைரக்டருக்கு அதன்மேல் ஒரு கண். அவர்கள் சார்பில் வந்தவர் வினோத் என்ற இளைஞர். கெட்டிக்காரர், நல்லவர். இன்னொன்று கோயம்புத்தூரில் ஒரு சின்ன பட்டறை. பல கம்பெனி பாகங்களை வாங்கித் தாங்களே பெட்டியாகச் சேர்த்துத் தருவார்கள். அதன் முதலாளி பழனிச்சாமி, தானே பஸ்ஸில் வந்து இறங்கினார்.

சார் இருவரிடமும் முதலில் கேட்டது ஒரே கேள்வி. "கரண்டு போனா?"

பழனிச்சாமி, "போனா போனதுதானுங்க. மறுபடி வந்ததும் நம்ம ஆளு ஒரு பட்டனைத் தட்டோணுங்க, அப்பத்தான் ஓடும்," என்றார்.

வினோத் சிரித்தார். "எங்க சிஸ்டத்துக்கு அதுகூட வேண்டாம் சார். கரண்ட் வந்ததும் விட்ட இடத்துல இருந்து தானாவே தொடங்கிடும். ஆளே தேவையில்ல."

சார் கண்ணாடியைக் கழற்றி மடக்கினார். எனக்கும் பிடித்துவிட்டது. நாங்கள் வருஷக்கணக்காக ஓடிய ஓட்டத்துக்கு அதுதான் சரியான பதில் என்று தோன்றியது. ஆனாலும் சார் வாயால் 'எடுத்துக்கொள்கிறோம்' என்று சொல்லவில்லை. "கடேசி டாங்கியில மாட்டிக் காட்டும் தம்பி. நம்ம ஆளுவ கொஞ்ச நாள் ஓட்டிப் பாக்கட்டு. பொறவு பேசலாம்," என்றார்.

மாட்டினார்கள். கைச்சக்கரம் வைத்த பழைய காஸ்டிக் வால்வைக் கழற்றிவிட்டு, காற்றால் இயங்கும் வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். அதற்குச் சக்கரம் கிடையாது. தலையில் ஓர் எஃகு டப்பா, உள்ளே ஸ்பிரிங். கம்ப்யூட்டர் சொன்னால் குழாய் வழியாக அழுத்தக் காற்று வந்து தண்டைத் தூக்கும், வால்வு திறக்கும். காற்று நின்றால் ஸ்பிரிங் அமுக்கி மூடிவிடும். மேன்ஹோல் திறந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் ஸ்விட்ச் ஒன்றும் சிஸ்டத்தில் உண்டு, ஆனால் சோதனைதானே என்று அதை இணைக்கவில்லை.

சில வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆட்களுக்கே பிடித்துப்போயிற்று.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி டாங்கி கழுவும்போது உருண்டை அடைத்துக்கொண்டது. வினோத் ஸ்க்ரீனில் கழுவுவதைப் பாதியில் நிறுத்தி வைத்தார். ஹோல்ட் என்று மஞ்சள் எழுத்து வந்தது. மேன்ஹோலைத் திறந்து தண்ணீர் அடித்து ஆற்றி, புளோயர் ஓட்டி, மீட்டர் வைத்துப் பார்த்து, பெர்மிட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். மாமா இறங்கத் தயார். துவர்த்தை எடுத்து வால்வருகே போனவன் அப்படியே நின்றான்.

"அத்தான், இதுக்கு சக்கரம் இல்லியே. துவர்த்த எதுல கெட்ட?"

"எதுலயாவது கெட்டுலே," என்றேன்.

டப்பாவுக்குக் கீழே தண்டு தெரியும் இடைவெளியில் சுற்றி இறுக்கிக் கட்டினான். வினோத் சிரித்துக்கொண்டே அதைப் போட்டோ எடுத்தார். "அண்ணே, கம்ப்யூட்டருக்குத் தலப்பாவா?"

"ஒம்ம கம்ப்யூட்டருக்கு சலதோசம் பிடிக்காண்டாமா," என்றான் மாமா. எல்லாரும் சிரித்தோம். சாரும் அங்கேதான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அந்தத் துவர்த்து இனி எதையும் பிடித்து நிறுத்தாது என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. அது கட்டியிருக்கிறது, அதனால் சரி. அப்படியே பழகிப்போன கண்கள்.

மாமா ஒரு காலை மேன்ஹோலுக்குள் விட்டான். கரண்ட் போயிற்று.

புளோயர் நின்றது. புளோயர் நின்றால் வெளியே வந்துவிட வேண்டும், அது விதி. "ஓ, வந்துட்டான் மாப்பிள்ள," என்று கரண்டைத் திட்டிக்கொண்டே காலை வெளியே எடுத்தான். ஜெனரேட்டர் முக்கி முனகிப் பிடித்தது, விளக்கு வந்தது, புளோயர் மறுபடி ஓடத் தொடங்கியது. மீட்டரை மறுபடி வைத்துப் பார்த்தோம். சரி.

இனி நேராக உள்ளே போக வேண்டியதுதான். ஆனால் எங்கள் ஆட்களுக்கு இன்னொன்றும் உண்டு. இடையில் எதற்காக வெளியே வந்தாலும், மறுபடி இறங்கும் முன் தன் முடிச்சைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். மாமா மேன்ஹோலைத் தாண்டி வால்வுப் பக்கம் நடந்தான்.

"அங்கேயேதான் இருக்கு அண்ணே, யாரும் எடுக்கல," என்றார் வினோத்.

"இருக்கட்டும் தம்பி," என்று சொல்லிக்கொண்டே கையை முடிச்சின்மேல் வைத்தான்.

'டஸ்' என்று காற்று அடித்தது. மாமாவின் கைக்குள் துவர்த்து துள்ளியது. தண்டு துவர்த்தோடு மேலே ஏறியது. தூரத்தில் பம்பு சுற்றும் சத்தம். அடுத்த நிமிஷம் டாங்கிக்குள்ளிருந்து கொதிக்கிற காஸ்டிக்கின் ஆவி மேன்ஹோல் வழியாக வெள்ளையாகக் கொட்டியது.

நான் ஓடிப்போய் பேனலின் சிவப்பு பட்டனை அடித்தேன். பம்பு நின்றது. சொட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மாமா முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை. வினோத் முகம் வெளிறி, "ஹோல்ட் போட்டேன் சார்... நான் ஹோல்ட் போட்டேன்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் போட்டது உண்மை. கரண்ட் வந்ததும் சிஸ்டம் தானாக எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டது. நடுவில் போட்ட ஹோல்ட் அதற்கு நினைவில்லை. எங்களுக்குப் பிடித்துப்போய் சார் கண்ணாடி மடக்கிய அதே காரியம்.

மாமா என்னைப் பார்த்தான். "அத்தான்," என்றான். பிறகு, "அக்காட்ட சொல்லாண்டாம்," என்றான். இதை முதலில் வாசிக்கப்போகும் ஜெனியின் அம்மாவே, இதனால்தான் நீ கேள்விப்படவில்லை.

சிவதாணு சார் யாரையும் ஒரு வார்த்தை ஏசவில்லை. மாமாவைப் பிடித்து ஒரு காலி டிரம்மில் உட்கார வைத்தார். கான்டீனில் இருந்து பாலில்லாத கட்டன் சாயா வரவழைத்துத் தன் கையாலேயே கொடுத்தார். வினோத்துக்கும் ஒன்று. சார் வால்வருகே போய்த் தண்டில் தொங்கும் துவர்த்தைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி, "நான் கேள்விய தப்பாக் கேட்டுட்டேன்வே சேவியரே," என்றார். "கரண்டு போனா என்னன்னு கேட்டேன். கரண்டு வந்தா என்னன்னுல்லா கேட்டிருக்கணும்."

மறுநாள் வினோத் தூங்காத கண்ணோடு வந்தார். ஸ்க்ரீனில் ரகசிய எண் போட்டுப் பூட்டு வைக்கலாம், ஹோல்டை மறக்காதபடி செய்யலாம் என்று விளக்கினார்.

"செரி, பொறவு?"

"பொறவு... ஸ்விட்சையும் இணைச்சிடலாம் சார்."

"ஸ்விட்சு ஒட்டிக்கிட்டா? நம்பர் தெரிஞ்ச எவனாவது அவசரத்துல தெறந்தா? பாத்தேராவே தம்பி, பூட்டு ஸ்க்ரீனுல இருக்கு. ஆளு டாங்கிக்குள்ள இருக்கான். பூட்டு அவன் கையில இருக்கணும். இந்தத் துவர்த்த ஒங்க மெஷினுல எங்க கெட்டணும்னு கேட்டுச் சொல்லும்."

வினோத் கேட்டார். உண்மையாகவே மேலே எழுதிப் போராடினார். அவர்கள் கம்பெனியிலிருந்து, உலகம் முழுவதும் ஒரே மாதிரிதான் செய்வோம், உங்கள் ஒரு ஆலைக்காக மாற்ற மாட்டோம் என்று பதில் வந்தது. அதையும் மறைக்காமல் வந்து சொன்னார்.

பழனிச்சாமியை வரச் சொன்னோம். அவர் கழுத்தைச் சாய்த்து, துவர்த்தின் கதை முழுவதையும் கேட்டார். மாமாவிடம் இன்னொரு துவர்த்தை வாங்கித் தானே ஒருமுறை கட்டிப் பார்த்தார்.

"காத்தை நிறுத்திப்போட்டா வால்வு தெறக்காதுங்களே," என்றார். "டாங்கிக்கு ஒரு பொட்டி வெச்சுரலாமுங்க. அதுல ஒரு சாவி. சாவியத் திருப்புனா அந்த டாங்கி வால்வுக்குப் போற காத்து அத்தனையும் வெளிய போயிரும், ஸ்பிரிங்கு மூடிப்போடும். மூடுனாத்தான் சாவி கழரும். உள்ள போறவரு சாவியச் சட்ட ஜோப்புல போட்டுட்டுப் போகட்டுமுங்க. கம்ப்யூட்டரு தலகீழா நின்னாலும் தெறக்க முடியாதுங்க."

"செரி, பொறவு?"

"பொறவு ஒண்ணுமில்லீங்க. அம்புட்டுத்தானுங்க."

சார் மாமாவைப் பார்த்தார். "என்னடே அந்தோணி?"

"சாவி எனக்க ஜோப்புல கெடக்குமுன்னா, செரி சார்."

கண்ணாடி மடங்கியது.

ஆனால் முடிவு சென்னையில். டைரக்டர் நேரில் வந்தார். வெளிநாட்டு சிஸ்டத்தை விட்டுவிட்டு பட்டறைச் சரக்கா என்று அவருக்கு வருத்தம். சார் வாதாடவில்லை. கடைசி டாங்கிக்குக் கூட்டிப் போனார். கழற்ற நேரமில்லாமல் வினோத்தின் வால்வும் அதில் மாமாவின் துவர்த்தும் அப்படியேதான் இருந்தன. குழாயில் பச்சைத்தண்ணீர் மட்டும் விட்டிருந்தோம். மேன்ஹோல் திறந்திருந்தது, ஸ்க்ரீனில் ஹோல்ட்.

"சார், அந்த முடிச்ச ஒருக்கா பிடிச்சுக்கிடுங்க," என்றார் சிவதாணு சார். "உள்ள ஒரு ஆளு இருக்கான்னு நெனச்சுக்கிடுங்க. ஆணும் பெண்ணுமா ரெண்டு பிள்ளையளு அவனுக்கு."

டைரக்டர் சிரித்தபடி பிடித்தார். சார் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் மெயினை இறக்கி, ஏற்றினேன்.

'டஸ்'.

டைரக்டர் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். டாங்கிக்குள் தண்ணீர் பீச்சியடிக்கிற சத்தம். அவர் அந்த மேன்ஹோலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைப் போடுங்க, சிவதாணு," என்றார். காரில் ஏறும்போது, "அந்த ஆளு இப்ப எங்கே?" என்று கேட்டார். மாமா கான்டீனில் புரோட்டா தின்றுகொண்டிருந்தான்.

கோயம்புத்தூர்ப் பெட்டிகள் வந்தன. பொருத்த மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. அது ஸ்க்ரீனில் அவ்வளவு அழகில்லை, டாங்கி எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கரண்ட் போய் வந்தால், ஆள் வந்து பட்டனைத் தொடும்வரை அது அசையாமல் காத்திருக்கும். அதனால் யாருடைய வேலையும் போகவில்லை. கரண்ட் கட்டில் ஓடின ஓட்டம் நின்றது. கிறிஸ்துமஸ் ராத்திரி பாதிராப் பூசைக்கு அந்த வருஷம்தான் முதல் முறையாக நாம் நாலு பேரும் சேர்ந்து போனோம், ஞாபகம் இருக்கிறதா? பேனலுக்கு சார் சந்தனம் வைத்தார், மாமா மாதா கோயில் தீர்த்தம் தெளித்தான்.

தொடங்கி வைத்த நாளில் சோதித்துக் காட்ட மாமாதான் முதலில் இறங்கினான். சாவியைத் திருப்பினான், வால்வுகள் எல்லாம் பெருமூச்சு விட்டு மூடின. சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு மேன்ஹோலுக்குள் போனான். சார் சொன்னபடி நான் புளோயரை ஓடவிட்டு, பேனலின் மெயினை மட்டும் இறக்கி ஏற்றினேன். ஒரு முறை இல்லை, பல முறை. ஒன்றும் அசையவில்லை. உள்ளேயிருந்து மாமாவின் பாட்டுச் சத்தம் எஃகில் எதிரொலித்தது.

வெளியே வந்தவன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு அத்தான். ஆனா ஜோப்புல கெடக்கது வெளிய நிக்கவனுக்குத் தெரியமாட்டேங்குது. துவர்த்துன்னா தூரத்துலயே தெரியும். பொட்டியில சாவி இல்லன்னா, தொலஞ்சு போச்சோன்னு எவனாவது மாத்துச் சாவிய எடுத்துக்கிட்டு வருவான்."

அந்த வாரம் முட்டத்துக்குப் போனோம். பாட்டி கேட்டாள், "எனக்க பிள்ள நல்லா இருக்கானா?" நல்லா இருக்கான் என்றேன். இரண்டாம் தடவை மீன் வைத்தபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் வேலை முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்குப் போன பிறகு நான் மட்டும் டாங்கிக் கூடத்தில் தங்கினேன். என் தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து, கரையோரம் பல்லால் கடித்து, நீளவாக்கில் கிழித்தேன். டாங்கிக்கு இரண்டு கீற்று. ஒவ்வொரு பெட்டியாகப் போய் சாவியைக் கழற்றி, அதன் வளையத்தில் ஒரு கீற்றைக் கட்டித் திரும்ப மாட்டினேன். சாவி பையில் கிடந்தாலும் துணி வெளியே தொங்கும் நீளம். இன்னொரு கீற்றை, சாவி எடுத்ததும் கண்ணில் படும்படி பெட்டிக்குள் ஆணியில் முடிந்தேன்: சாவி தொலையவில்லை, உள்ளே ஆள் இருக்கிறது. கடைசி டாங்கியின் முடிச்சை மட்டும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். பிறகு வெறும் தோளோடு பஸ்ஸுக்கு நடந்தேன்.